ஏணையருகில் எந்த நூல்?



ஒரு வீட்டிலே தலைப்பிள்ளை பிறந்து ஒரு மாதம் கடந்துவிட்டது. விறாந்தையிலே ஏணை கட்டப்பட்டிருக்கிறது. கொடியிலே சின்னஞ்சிறு துணிகள் காய்கின்றன. சமையலறையிலே அம்மம்மா பத்தியக் கறிக்குச் சரக்கு அரைக்கிறார். அறையின் மூலையிலுள்ள அலுமாரியில், திருமணத்துக்கு முன்னர் ஆசையோடு வாங்கிய நூல்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒரு நாவலின் நடுவே பழைய பஸ் ரிக்கற் ஒன்று அடையாளமாகச் செருகப்பட்டிருக்கிறது. பிள்ளை வயிற்றில் இருந்த ஏழாம் மாதத்திலிருந்து அந்த அடையாளம் ஒரு பக்கந்தானும் நகரவில்லை. பிள்ளையின் தாய் அதனைக் கண்டு பெருமூச்செறிகிறாள். "இனி நான் வாசிப்பது எந்தக் காலத்தில்?" என்று தன்னுள்ளே கேட்டுக்கொள்கிறாள்.

இக்கேள்வி நம்மிடையே பல இளந்தாய்மாரின் உள்ளத்தில் எழுகின்ற கேள்வியாகும். இளந்தந்தையர் சிலருக்கும் இது உண்டு. ஆயினும் இதனை எவரும் வெளியே சொல்வதில்லை. பிள்ளைப்பேறு இறைவனின் பெருங்கொடை; அந்தக் கொடையைப் பெற்றவர் வாசிக்க நேரமில்லை என்று குறைப்படுவதா என்ற தயக்கம் அவர்களைத் தடுக்கிறது. தயங்க வேண்டியதில்லை. வாசிப்பை நேசித்த ஒருவருக்கு அது உணவைப் போன்றது. உணவு குறையும்போது பசிப்பது குற்றமாகாது. எனவே அந்தப் பசியை எவ்வாறு ஆற்றலாம் என்பதையே இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறோம்.

முதலில் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பிறந்த குழந்தை ஒருநாளில் 14 முதல் 17 மணித்தியாலம் வரை உறங்கும் என்பர் மருத்துவர். கேட்பதற்கு அது நீண்ட நேரமாகத் தோன்றும். ஆனால் அவ்வுறக்கம் துண்டு துண்டாக வருவது. இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிள்ளை பாலுக்கு அழும். பாலூட்டி, ஏப்பம் விடச் செய்து, துணி மாற்றி, ஏணையிலே கிடத்தி ஆட்டி முடிப்பதற்குள் அடுத்த அழுகைக்கு நேரம் நெருங்கிவிடும். அந்த இடைவெளியிலே குளிக்கவேண்டும், உண்ணவேண்டும், கொஞ்சம் கண்ணயரவும் வேண்டும். 84 நாள் மகப்பேற்று விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் தாய்க்கோ இந்த இடைவெளியும் இல்லை. இவை யாவற்றுக்கும் பின்னர், ஒருநாளில் ஏறத்தாழ இருபது நிமிடம் எஞ்சுமாயின் அது பெரும்பேறு.

அந்த இருபது நிமிடத்துக்கு என்ன நேர்கிறது என்பதை நாம் நேர்மையோடு எண்ணிப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் அது கைத்தொலைபேசியிலே கரைந்து போகிறது. ஒரு கையிலே பிள்ளை, மறு கையிலே தொலைபேசி என்ற நிலை இன்று சாதாரணமாகிவிட்டது. யாரோ ஒருவரின் திருமணப் படம், யாரோ எழுதிய கோபமான நாலு வரி, எங்கோ நடந்த விபத்து, பின்னர் ஒரு வேடிக்கைக் காட்சி என்று விரல் தள்ளிக்கொண்டே போகும். களைத்துப் போன உடலுக்கு அது இலகுவானது என்பதனால் நாம் எவரையும் பழிக்கமாட்டோம். ஆயினும் இருபது நிமிடம் கழித்துத் தொலைபேசியைக் கீழே வைக்கும்போது மனதிலே என்ன எஞ்சியிருக்கிறது? பெரும்பாலும் முன்னைய களைப்போடு புதியதொரு சலிப்புந்தான்.

நேரம் சுருங்கியபோது வாசிப்பை அடியோடு கைவிடத் தேவையில்லை. எதை வாசிப்பது என்பதில் முன்னரிலும் கண்டிப்பாக இருந்தாற் போதும். இதுவே நாம் சொல்ல விரும்புவது.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். "1981ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்து சாம்பலாகின. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியிலே பன்மொழி அறிஞரான தாவீது அடிகளார் உயிர்நீத்தார். நூலின் அருமையை இவ்வாறு அறிந்த மண்ணிலே, 'இதை வாசி, அதை விடு' என்று சொல்லலாமா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இழப்பை அறிந்தவர்களே தெரிவின் அருமையையும் அறிவார்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டுப் புறப்பட்டபோது, ஒவ்வொரு குடும்பமும் எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. சுமக்கக்கூடிய அளவு சிறிதாகும்போது, எது உண்மையிலே நமக்கு வேண்டியது என்பது தெளிவாகிறது. பிள்ளை பிறந்த வீட்டிலே துயரம் இல்லை, மகிழ்ச்சியே உண்டு. ஆயினும் நேரம் என்னும் பை அங்கேயும் சிறியதாகிவிடுகிறது.

நம் முன்னோரும் இதனை உணர்ந்திருந்தனர். கற்க வேண்டியவை முடிவற்றவை, கற்கும் மனிதருக்கோ ஆயுள் குறுகியது, போதாததற்கு நோயும் இடைமறிக்கிறது. ஆதலால் நீரை விலக்கிப் பாலை அருந்தும் அன்னத்தைப் போல ஆராய்ந்து கற்கவேண்டும் என்பது நாலடியாரின் அறிவுரை. இதனைக் கூறிய சமண முனிவர்கள் துறவிகள். தொட்டிலாட்டும் கடமை அவர்களுக்கு இருக்கவில்லை. அவர்களுக்கே நாள்கள் போதவில்லை என்றால், பிள்ளையைத் தோளிலே சுமக்கும் நமக்கு எப்படிப் போதும்?

அவ்வாறாயின் பால் எது, நீர் எது என்பதை எப்படி அறிவது? இதற்கு விடை தருகிறார் லொயோலாப் புனித இஞ்ஞாசியார். 1521ஆம் ஆண்டு மே மாதம், பம்ப்லோனாக் கோட்டையைக் காத்துநின்ற போரில், பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய கால் முறிந்தது. அப்போது அவர் புனிதரல்லர். புகழை விரும்பிய போர்வீரர். லொயோலாவிலுள்ள தமது குடும்ப மாளிகையிலே மாதக்கணக்காகப் படுத்திருந்தவர், பொழுதுபோக்குவதற்காக வீரர்களின் சாகசக் கதைகளைக் கேட்டார். அந்த வீட்டிலே அத்தகைய நூல் ஒன்றுகூட இருக்கவில்லை. கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கையைக் கூறும் நூலும், புனிதர் வரலாறுகளைக் கொண்ட நூலுமே. வேறு வழியின்றி அவற்றை வாசித்தார்.

வாசிக்காத வேளைகளில் அவர் கற்பனையிலே ஆழ்ந்தார். சில வேளை போர்க்களத்துப் புகழையும் உயர்குலப் பெண்ணொருத்திக்குச் சேவை செய்வதையும் எண்ணினார். வேறு சில வேளை புனிதர்களைப் போலத் தாமும் வாழ்வதை எண்ணினார். இரண்டும் எண்ணும்போது இனித்தன. ஆனால் எண்ணி முடிந்த பின்னர் முதலாவது அவர் மனதை வறட்சியாக்கியது. இரண்டாவது அமைதியையும் மகிழ்ச்சியையும் விட்டுச் சென்றது. இந்த வேறுபாட்டை அவர் கண்டுகொண்ட நாளே அவருடைய மனமாற்றத்தின் தொடக்கமாயிற்று.

அன்பர்களே, இளம்பெற்றோருக்கு இதைவிட எளிய அளவுகோல் வேண்டியதில்லை. ஒரு நூல் வாசிக்கும்போது இனிக்கிறதா என்பதோடு நின்றுவிடாதீர்கள். மூடி வைத்த பின்னர் அது உங்களிடம் எதை விட்டுச் செல்கிறது என்று பாருங்கள். நள்ளிரவிலே பிள்ளை வீரிட்டு அழும்போது உங்களைக் கொஞ்சமேனும் பொறுமையுள்ளவராக, அன்புள்ளவராக, நம்பிக்கையுள்ளவராக எழுந்து செல்ல வைக்கின்ற வாசிப்பு எதுவோ, அதுவே உங்களுக்குப் பால். உள்ளத்தைக் கசப்பாகவோ, பொறாமையுள்ளதாகவோ, வெறுமையாகவோ விட்டுச் செல்வது நீர். அது அறிவுலகம் போற்றும் நூலாயிருந்தாலும் இப்போதைக்கு ஒருபுறம் வைத்துவிடலாம்.

இந்த அளவுகோலைக் கையிலெடுத்தால், முதலிலே விடக்கூடியவை தாமாகவே தெரியவரும். நண்பர்கள் எல்லோரும் வாசிக்கிறார்கள் என்பதற்காகத் தொடங்கிய நூல், பணம் கொடுத்து வாங்கிவிட்டோமே என்பதற்காக இழுத்துக்கொண்டு போகும் நூல், தொடங்கியதை முடிக்கவேண்டும் என்ற வீம்புக்காக வாசிக்கும் நூல் ஆகியவற்றை மனச்சுமையின்றி மூடிவையுங்கள். வாசிக்காமல் விட்ட நூலுக்காக எவரும் ஒப்புரவு அருட்சாதனத்துக்குச் செல்லவேண்டியதில்லை. ஒரு சிறிய கொப்பியிலே "பிறகு" என்று தலைப்பிட்டு அவற்றின் பெயர்களை எழுதிவையுங்கள். பிள்ளை பாடசாலை செல்லும் காலம் வரும். அப்போது அந்தக் கொப்பி உங்களுக்காகக் காத்திருக்கும்.

பிள்ளை வளர்ப்புப் பற்றிய நூல்களையும் கட்டுரைகளையும் குறித்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும். புதிய பெற்றோர் பயத்தினால் அவற்றை அளவின்றி வாசிக்கிறார்கள். ஒன்று இப்படி உறங்கவைக்கச் சொல்லும். மற்றொன்று அப்படிச் செய்தாற் கெடுதி என்று சொல்லும். பத்தை வாசித்த பின்னர் பயமே மிஞ்சும். தடுப்பூசிக்கும் நிறைக்கும் வளர்ச்சிக்கும் நீங்கள் முதலில் கவனமாக வாசிக்க வேண்டியது, கிளினிக்கிலே உங்கள் பிள்ளைக்கென்று தந்த சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையே. 2, 4, 6ஆம் மாதங்களிலும் அதன் பின்னரும் பிள்ளைக்குச் செய்யவேண்டியவை அதிலே உள்ளன. ஐயமிருந்தால் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அதற்கப்பால் நம்பகமான ஒரு நூல் போதும்.

அடுத்து, வைத்துக்கொள்ள வேண்டியவை எவை? புனித ஆசீர்வாதப்பர் 6ஆம் நூற்றாண்டிலே தமது துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 48ஆம் அதிகாரத்தில் ஒரு விதி உண்டு. தவக்காலத் தொடக்கத்திலே ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் கொடுக்கப்படவேண்டும். அதனை அவர் முதலிலிருந்து முடிவுவரை வரிசையாக வாசிக்கவேண்டும். நாள்தோறும் வாசிப்புக்கென நேரம் ஒதுக்கப்பட்ட துறவிகளுக்கே ஒரு தவக்காலத்துக்கு ஒரு நூல் போதும் என்றார் அவர். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு நூல் என்று நீங்கள் வைத்துக்கொண்டால் அது சோம்பலாகாது. ஒரு நூலோடு நீண்டகாலம் வாழ்வது, பத்து நூல்களை நுனிப்புல் மேய்வதிலும் சிறந்தது.

திருவிவிலியத்தை அந்த இருபது நிமிடத்துள் எப்படிக் கொண்டுவருவது என்று கேட்பீர்கள். மாற்கு நற்செய்தி 16 அதிகாரங்களை மட்டுமே கொண்டது. இரவிலே பாலூட்டி முடித்த பின்னர் ஓர் அதிகாரம் வாசித்தாலும் 16 இரவுகளில் ஒரு நற்செய்தி முழுவதும் வாசித்தாயிற்று. அதற்கும் இயலாத நாள்களில் ஒரு சிறிய திருப்பாடல் போதும். அதையே மீண்டும் மீண்டும் வாசியுங்கள். ஏணையாட்டும்போது அது தாலாட்டாகவும் உதடுகளிலே வரும். நம் அன்னை மரியா, தம் குழந்தையைப் பற்றி இடையர்கள் சொன்னவற்றைத் தம் உள்ளத்திலே வைத்துச் சிந்தித்தார் என்று லூக்கா நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார். சிறிதளவு கேட்டு அதனை நெடுநேரம் உள்ளத்திலே சுமக்கும் வழி அது. கை நிறையப் பிள்ளையை வைத்திருப்போருக்கு அதைவிடப் பொருத்தமான வழி வேறில்லை.

அப்படியாயின் பக்தி நூல்களை மட்டுந்தான் வாசிக்கவேண்டுமா? அவ்வாறு நாம் சொல்லவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ், தம் மறைவுக்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்கு முன்னர், 2024ஆம் ஆண்டு யூலை 17ஆம் திகதியிட்டு, இலக்கிய வாசிப்பின் பங்கு குறித்து ஒரு திருமடல் எழுதினார். நாவலும் கவிதையும் மனித இதயத்தை அறிந்துகொள்ள உதவுகின்றன என்பது அதன் சாரம். 1964, 1965ஆம் ஆண்டுகளில் ஆர்ஜென்ரீனாவின் சாந்தா ஃபே நகரில் இயேசுசபைக் கல்லூரியொன்றிலே இலக்கியம் கற்பித்த தமது அனுபவத்தையும் அதிலே அவர் நினைவுகூருகிறார். பாடத்திட்டத்திலிருந்த பழங்காவியத்தை மாணவர்கள் விரும்பவில்லை. அதனை வீட்டிலே வாசிக்கவிட்டு, வகுப்பிலே அவர்கள் விரும்பிய எழுத்தாளர்களைப் பற்றிப் பேசினாராம். கடமைக்காக வாசிப்பது பயன் தராது, இதயம் தேடுவதை வாசிக்கவேண்டும் என்பதே அவருடைய கருத்து. எனவே நல்லதொரு நாவல் உங்களை இளைப்பாற்றுமாயின், அந்த பஸ் ரிக்கற் இருக்கும் பக்கத்தைத் தயக்கமின்றித் திறவுங்கள்.

இனி, நாம் கணவன்மாருடன் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது. மேலே சொன்ன இருபது நிமிடம் தாய்க்குத் தானாகக் கிடைப்பதில்லை. அதனை யாரேனும் உண்டாக்கிக் கொடுக்கவேண்டும். மார்த்தா, மரியா என்னும் சகோதரிகளின் வீட்டிலே ஆண்டவர் விருந்தினராயிருந்ததை நாம் அறிவோம். மரியா அவருடைய காலடியில் அமர்ந்து கேட்டார்; மார்த்தா பணிவிடையிலே பரபரப்பானார். மரியாவின் பங்கு அவரிடமிருந்து எடுக்கப்படலாகாது என்று ஆண்டவர் சொன்னதைப் பலமுறை பிரசங்கங்களிலே கேட்டிருக்கிறோம். ஆனால் நமது வீடுகளிலே மனைவி அமர்ந்திருக்க வேண்டுமாயின், அவருக்குரிய வேலையை வேறொருவர் கையேற்றாக வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஐயா, நீங்கள் வேலையிலிருந்து வந்து தேநீரோடு பத்திரிகையைத் திறக்கிறீர்கள். இந்தப் பகுதியையும் அவ்வாறே வாசித்துக்கொண்டிருக்கலாம். அதே நேரத்திலே உங்கள் மனைவியின் கையிலே பிள்ளை இருக்குமாயின், தயவுசெய்து பத்திரிகையை அவரிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் விறாந்தையிலே நடவுங்கள். பிள்ளை அழுதாலும் உடனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அம்மம்மாவும் அப்பம்மாவும் இதற்குத் துணைநிற்கலாம். "பிள்ளை கிடக்கப் புத்தகம் என்ன புத்தகம்?" என்ற ஒரு சொல் அவர்களுடைய வாயிலிருந்து வராதிருந்தாலே பேருதவியாகும். ஒரு பெண் தாயானதனாலே அவளுடைய அறிவும் உள்ளமும் பசியற்றுப் போய்விடுவதில்லை. அந்தப் பசியை ஆண்டுக்கணக்காக அடக்கிவைக்கும் வீட்டிலே, ஏன் என்று தெரியாத ஒரு சோர்வு குடிகொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். அதன் நிழல் பிள்ளைமீதும் விழும்.

பிள்ளையைப் பற்றிச் சொன்னால், புனித எரோனிமுஸ் எழுதிய கடிதமொன்று நினைவுக்கு வருகிறது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, பெத்லகேமில் வாழ்ந்த அவர், உரோமையிலிருந்த லேத்தா என்னும் இளந்தாய்க்கு அதனை எழுதினார். அவருடைய மகள் பவுலா அப்போது சிறுகுழந்தை. மரத்தினாலோ தந்தத்தினாலோ எழுத்துகள் செய்து பிள்ளைக்கு விளையாடக் கொடுக்கும்படி அவர் சொல்கிறார். வளர்ந்த பின்னர் மறைநூலை எந்த ஒழுங்கிலே வாசிக்கவேண்டும் என்றும் காட்டுகிறார்: முதலில் திருப்பாடல்கள், பின்னர் நீதிமொழிகள், சபை உரையாளர், யோபு, அதன்பின் நற்செய்திகள்; இனிமைமிகு பாடல் கடைசியில். எல்லா நல்ல நூலும் எல்லா வயதுக்கும் உரியதன்று என்பதை அந்தப் பேரறிஞர் அறிந்திருந்தார். தாயும் தந்தையும் சொல்லைவிடத் தங்கள் நடத்தையினாலேயே பிள்ளைக்கு அதிகம் கற்பிக்கிறார்கள் என்றும் நினைவூட்டுகிறார்.

கடிதத்தின் முடிவிலே இன்னொன்று உண்டு. உரோமையிலே பிள்ளையை அவ்வாறு வளர்ப்பது கடினமாயிருந்தால், பெத்லகேமிலுள்ள பாட்டியிடம் அனுப்பிவிடுங்கள் என்கிறார் எரோனிமுஸ். முதியவனாகிய நானே அவளைத் தோளிலே சுமப்பேன், மழலை பேசும் வாய்க்குச் சொற்களைக் கற்பிப்பேன் என்றும் உறுதிகூறுகிறார். திருவிவிலியத்தை இலத்தீனிலே பெயர்த்தெழுதிய கைகள், ஒரு குழந்தையைத் தூக்குவதற்காக நூலைக் கீழே வைக்கவும் ஆயத்தமாயிருந்தன.

ஆகவே அன்பர்களே, நூலும் பிள்ளையும் ஒன்றுக்கொன்று பகையானவை என்று எண்ணவேண்டாம். பிள்ளை அழைக்கும்போது நூலை மூடுங்கள், வருத்தமின்றி மூடுங்கள். மூடிய நூல் உங்களோடு ஏணைவரை வருமாயின், அது நல்ல தெரிவு. இன்னும் சில மாதங்களில் அதே பிள்ளை உங்கள் மடியிலேறி, உங்கள் கையிலிருக்கும் நூலின் தாளைப் பிடித்து இழுக்கும். தாள் கிழியவுங்கூடும். அதற்காகக் கோபியாதீர்கள். உங்கள் முகத்தையும் நூலையும் சேர்த்துப் பார்த்துப் பழகிய பிள்ளை, ஒருநாள் அந்நூலைத் தானே திறக்கும்.

இன்றிரவு பிள்ளை உறங்கிய பின்னர், அலுமாரியைத் திறந்து ஒரேயொரு நூலைத் தெரிந்தெடுங்கள். அதனைத் தொலைபேசி இருக்கும் இடத்திலே வையுங்கள். தொலைபேசியை அலுமாரியிலே வையுங்கள். நாசரேத்தூர் வீட்டிலே குழந்தையை வளர்த்த மரியன்னையும் புனித சூசையப்பரும் உங்கள் சிறிய வீட்டுக்காகவும், அதன் சின்னஞ்சிறிய ஓய்வு நேரத்துக்காகவும் பரிந்து மன்றாடுவார்களாக.